சங்கிலியின் ஒரு கண்ணி

நுழையும்முன்

ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்டு வாழ்வது இயற்கையின் நியதி. பிற உயிரைக் கொன்று உண்பது கொன்றுண்ணி. அதற்கு உணவாவது இரை. கொல்லாமலே பிற உயிரின் உடலில் தங்கி, அதனிடமிருந்து உணவு பெற்று வாழ்வது ஒட்டுண்ணி. அதற்கு இடந்தந்து ஓம்பும் உயிர் ஓம்புயிரி. இவை தனித்தனியே வாழ்வன போலத் தோன்றினாலும், ஒரு சங்கிலியின் கண்ணிகளாகப் பிணைந்துள்ளன. அச்சங்கிலியின் ஒரு கண்ணியைச் சிறு கொசுவின் வயிற்றில் கண்டறிந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

தீவும் பெயரும்

போர்ட் பிளேர் துறைமுகத்திற்கு எதிரே சிறு தீவு ஒன்று உள்ளது. இன்று அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது. 2018ஆம் ஆண்டுவரை அதன் பெயர் ராஸ் தீவு. அங்கே செல்லும் சிறுவர்கள் இடிந்த கட்டடங்களைக் காட்டிலும் அச்சமின்றி உலவும் புள்ளிமான்களையே விரும்பிப் பார்க்கின்றனர். அம்மான்கள் அந்தமானுக்கு உரியவை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. புலியோ செந்நாயோ இல்லாத இத்தீவுகளில் அவை தடையின்றிப் பெருகின. பெருகிய மான்கள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால், முதிர்ந்த மரங்கள் விழுந்த இடத்தில் புதிய மரங்கள் எழ முடியாமல் காடு நலிவடைகிறது. கொன்றுண்ணி இல்லாத இடத்தில் இரை பெருகும். இரை பெருகினால் அதன் உணவு குன்றும் என்பதற்கு அந்த மான்களே சான்று.

அத்தீவுக்கு ராஸ் என்னும் பெயர் கடல் அளவையாளரான டேனியல் ராஸ் என்பவரால் வந்தது. அதே பெயர் கொண்ட வேறொருவர், உலகெங்கும் அறியப்பட்ட மருத்துவர், தம் இளமையில் அந்தமான் தீவுகளில் பணியாற்றினார். அவரே ரொனால்டு ராஸ். புலியையும் மானையும் போலக் கண்ணுக்குத் தெரியும் உயிர்களை அவர் ஆராயவில்லை; நுண்ணோக்கியின்றிக் காணவியலாத ஓர் ஒட்டுண்ணியைத் தேடி அலைந்தார்.

விரும்பாத கல்வி

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். அவர் தந்தையார் ஆங்கிலேய இந்தியப் படையில் உயர் அதிகாரி. உடன்பிறந்தோர் பதின்மருள் இவரே மூத்தவர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டில் வளர்ந்தார். பெற்றோர் ஒரு நாட்டிலும் தாம் ஒரு நாட்டிலுமாக வளர்ந்த அச்சிறுவனுக்குக் கவிதையும் இசையும் ஓவியமும் கணிதமும் துணையாயின. எழுத்தாளராகவோ ஓவியராகவோ வேண்டும் என்பதே அவர் விருப்பம். தந்தையாரோ மகனை மருத்துவராக்க எண்ணி, 1874ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள புனித பார்த்தலோமியு மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார்.

விருப்பமின்றிக் கற்றதால் ராஸ் சிறந்த மாணவராக விளங்கவில்லை. தேர்வுகளில் ஒன்றில் தோல்வியும் கண்டார். சிறிது காலம் கப்பல் மருத்துவராகப் பணிபுரிந்தார். பின்னர் மீண்டும் முயன்று தேறி, 1881ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். அன்று முதல் 1894ஆம் ஆண்டுவரை சென்னை, பர்மா, பலூசிஸ்தான், அந்தமான், பெங்களூரு, செகந்தராபாத் எனப் பல இடங்களுக்கு அவர் மாற்றப்பட்டார். ஓய்வு நேரங்களில் கதையும் கவிதையும் எழுதினார். கணித நூல்களைத் தாமே கற்றார். பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் உதவியது அக்கணிதமே.

அந்தமான் தீவுகளுக்கும் காய்ச்சலுக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. 1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் அமைத்த முதற் குடியிருப்பு, நோயும் சாவும் மிகுந்தமையால் 1796ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. 1858ஆம் ஆண்டில் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியபோது, காடு திருத்தவும் சதுப்பு நிலத்தைச் சீராக்கவும் ஈடுபடுத்தப்பட்ட கைதிகள் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். காய்ச்சல் எதனால் வருகிறது என்பதை அன்று எவரும் அறியார். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று மக்கள் நம்பினர். இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்னும் பொருள்படும் சொற்களிலிருந்தே மலேரியா என்ற பெயர் தோன்றியது. இத்தீவுகளில் பணியாற்றிய இளம் ராஸும் அப்போது அந்நோயை ஆராயத் தொடங்கியிருக்கவில்லை.

பெங்களூரில் ஒரு தொட்டி

எனினும், கொசுவைப் பற்றிய முதற்பாடத்தை அவர் 1883ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் கற்றார். அவர் தங்கியிருந்த இல்லத்தில் கொசுத்தொல்லை மிகுதி. சாளரத்திற்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியை ஒருநாள் உற்று நோக்கினார். அதில் கூத்தாடிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவையே கொசுக்களாக மாறுகின்றன என்பதை அறிந்து தொட்டியைக் கவிழ்த்தார். சில நாட்களில் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அவ்விடத்திலிருந்த படை அதிகாரி ஒருவரிடம், நீர் தேங்கும் கலங்களையெல்லாம் அகற்றிவிடலாம் என்று ராஸ் கூறினார். கொசுவும் ஏதோ ஒரு பயன் கருதிப் படைக்கப்பட்டதே. அதைப் பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று அவ்வதிகாரி மறுத்துவிட்டார். அந்த மறுப்பை ராஸ் மறக்கவில்லை. கொசுவை ஒழிக்கப் பறக்கும் கொசுவைத் துரத்த வேண்டியதில்லை. அது பிறக்கும் நீரை அகற்றினால் போதும் என்னும் கருத்து அவர் மனத்தில் பதிந்தது.

வழிகாட்டி

1880ஆம் ஆண்டில் அல்சீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான், மலேரியா நோயாளியின் குருதியில் ஓர் உயிர் அசைவதை நுண்ணோக்கியில் கண்டார். சிவப்பணுக்களுள் புகுந்து, அவற்றை உண்டு வளர்ந்து, பின் அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவரும் ஒட்டுண்ணி அது. பிளாஸ்மோடியம் என்பது அதன் பெயர். ஆனால் அது ஒரு மனிதரிடமிருந்து மற்றொரு மனிதருக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை.

1892ஆம் ஆண்டளவில் மலேரியாவை ஆராயத் தொடங்கிய ராஸ், முதலில் லாவரான் கூற்றை ஐயுற்றார். 1894ஆம் ஆண்டில் விடுமுறையில் இலண்டன் சென்றபோது பேட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877ஆம் ஆண்டில் சீனாவில் கண்டவர் மான்சன். அவர் மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டி ராஸின் ஐயத்தைப் போக்கினார். மலேரியாவுக்கும் கொசுவே துணைசெய்யக்கூடும் என்னும் தம் கருத்தையும் எடுத்துரைத்தார். ஆயினும் கொசு கடிப்பதால் நோய் பரவுகிறது என்று மான்சன் எண்ணவில்லை. கொசு நீரில் விழுந்து மடிகிறது. அந்நீரைப் பருகுவோர் நோயுறுகின்றனர் என்று கருதினார். சரியான வழியைக் காட்டிய ஆசிரியரின் கருத்திலும் பாதி பிழை இருந்தது. அப்பிழையைக் களையும் பொறுப்பு மாணவருக்கு வாய்த்தது.

இரண்டாண்டுத் தோல்வி

1895ஆம் ஆண்டில் ராஸ் செகந்தராபாத் திரும்பினார். நோயாளிகளைக் கடித்த கொசுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றையும் அறுத்து, அதன் வயிற்றை நுண்ணோக்கியில் அணு அணுவாக ஆராய்ந்தார். எதுவும் தென்படவில்லை. இடையே வாந்திபேதியைத் தடுக்கும் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897ஆம் ஆண்டில் விடுப்பில் உதகமண்டலம் வந்தவர், மலேரியா மிகுந்த சீகூர் மலைப்பாதைக்கு ஆய்வுக்காக இறங்கிச் சென்றார். அங்கே அவரையே அந்நோய் பற்றியது. தேடிச் சென்றவரின் குருதியிலேயே தேடப்பட்டது குடிபுகுந்தது.

நலம்பெற்று மீண்டும் செகந்தராபாத் சென்றார். அது கடும் வெப்பக் காலம். விசிறி வீசினால் அறுத்து வைத்த கொசுவின் நுண்ணுறுப்புகள் பறந்துவிடும் என்பதால் காற்றின்றியே அமர்ந்து உழைத்தார். நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்ணாடி ஒன்றில் விரிசலும் விழுந்தது. நூற்றுக்கணக்கான கொசுக்களை ஆராய்ந்தும் பயனில்லை.

தோல்விக்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. அவர் அதுவரை ஆராய்ந்தவை பெரும்பாலும் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் சாம்பல்நிறக் கொசுக்களும் வரிக்கொசுக்களுமே. மனிதரைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணிக்கு அவை ஓம்புயிரி ஆகா. ஒட்டுண்ணி எல்லா வீட்டிலும் குடிபுகுவதில்லை. தனக்குரிய ஓம்புயிரியின் உடலில் மட்டுமே வளர்கிறது. பிற கொசுவின் வயிற்றில் விழுந்தால் செரித்து அழிந்துபோகிறது.

ஆகஸ்ட் மாத நடுவில், உதவியாளர் கொணர்ந்த புழுக்களிலிருந்து சிறகில் புள்ளிகள் உடைய வேறுவகைக் கொசுக்கள் வெளிவந்தன. இன்று அனோபிலிஸ் எனப்படும் இனம் அது. உசேன்கான் என்னும் நோயாளி, கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா பெற்றுக்கொண்டு அவற்றுக்குத் தம் குருதியை அளிக்க இசைந்தார். கொசுக்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. சில மட்டுமே எஞ்சின. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், எஞ்சியவற்றுள் ஒன்றை ராஸ் அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில் அதுவரை எக்கொசுவிலும் காணாத வட்டமான உயிரணுக்கள் இருந்தன. அவற்றுள் மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்கள் காணப்பட்டன. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அவ்வுயிரணுக்கள் முன்னிலும் பெரியவையாக இருந்தன. ஒட்டுண்ணி கொசுவின் உடலில் உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்நாளின் நினைவாகவே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 20ஆம் நாள் உலகக் கொசு நாளாகக் கருதப்படுகிறது.

சிட்டுக்குருவிகள் சொன்ன விடை

கண்டுபிடிப்பைத் தொடர்வதற்குள் ராஸ் இராஜபுதனத்தில் உள்ள கெர்வாரா என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே மலேரியா மிகக் குறைவு. பல மாதங்கள் வீணாயின. மான்சனின் முயற்சியால் 1898ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் கல்கத்தாவுக்கு ஆய்வுப் பணிக்காக அனுப்பப்பட்டார். அங்கே வேறோர் இடர் காத்திருந்தது. கொள்ளைநோய் அச்சம் நகரில் பரவியிருந்தமையால், குருதிச் சோதனைக்கு உடன்பட எவரும் முன்வரவில்லை.

ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். பறவைகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. அதன் ஒட்டுண்ணி வேறு; அதை ஓம்பும் கொசுவும் வேறு. முன்பு பயனின்றிப் போன சாம்பல்நிறக் கொசுவே பறவை மலேரியாவுக்கு ஓம்புயிரியாக அமைந்தது. கிஷோரி மோகன் பந்தோபாத்யாய், முகம்மது பக்ஸ் ஆகிய உதவியாளர்களுடன் ராஸ் இரவு பகலாக உழைத்தார். கொசுவின் வயிற்றுச் சுவரில் வளரும் உயிரணு வெடிக்கும்போது நூல்போன்ற எண்ணற்ற நுண்ணுயிர்கள் வெளிவருவதைக் கண்டார். அவை எங்கே செல்கின்றன என்று தேடினார். 1898ஆம் ஆண்டு ஜூலையில் விடை கிடைத்தது. அவை கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சென்று திரண்டிருந்தன.

நோயுற்ற குருவிகளின் குருதியை உண்ட கொசுக்களை நலமான சிட்டுக்குருவிகளைக் கடிக்கவிட்டார். சில நாட்களில் நலமான குருவிகளின் குருதியிலும் ஒட்டுண்ணி பெருகியது. நோய் நீரால் வருவதன்று, காற்றால் வருவதன்று, கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு வருகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலி அறிஞர் கிராஸ்ஸியும் அவர் குழுவினரும், மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசுவே என்பதை நிறுவினர்.

1902ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு ராஸுக்கு வழங்கப்பட்டது. ஆயினும் கண்டுபிடிப்பின் பெருமை எவருக்கு என்னும் பூசலில் கிராஸ்ஸியோடு அவர் நெடுங்காலம் மாறுபட்டு நின்றார். அறிவில் உயர்ந்தோரும் பெருமையைப் பகிர்ந்துகொள்வதில் தடுமாறுவதுண்டு. உசேன்கானும் பெயர் அறியப்படாத உதவியாளர்களும் பரிசு மேடையில் ஏறவில்லை. ஆனால் அவர்களின்றி அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது.

கொசுவின் மூன்று நிலைகள்

ராஸின் கண்டுபிடிப்பு, கொசு என்னும் ஒரே உயிர் மூன்று நிலைகளில் வாழ்வதை உலகிற்கு உணர்த்தியது.

முதலாவதாக, கொசு ஓர் இரை. நீரில் வாழும் அதன் புழுக்களைச் சிறு மீன்களும், தட்டானின் இளம் உயிரிகளும் உண்கின்றன. பறக்கும் கொசுவைத் தட்டானும் சிலந்தியும் பல்லியும் வௌவாலும் உண்கின்றன. அந்தமான் குகைகளில் கூடு கட்டும் உழவாரக் குருவிகளும் பறக்கும் சிறு பூச்சிகளையே உணவாகக் கொள்கின்றன.

இரண்டாவதாக, கொசுவே ஓர் ஒட்டுண்ணி போன்றது. ஆண்கொசு மலர்த்தேனையும் செடிச்சாற்றையும் உண்டு வாழும். பெண்கொசு முட்டையிடுவதற்காகப் பிற உயிரின் குருதியை நாடும். குருதி தந்த உயிரை அது கொல்வதில்லை.

மூன்றாவதாக, கொசு ஓர் ஓம்புயிரி. மலேரியா ஒட்டுண்ணி அதன் உடலில் தங்கி, ஒரு வாரத்திற்கும் மேலாக வளர்ந்த பின்னரே அடுத்த உயிருக்குச் செல்லும் தகுதி பெறுகிறது. அதற்குள் கொசு ஒரு தட்டானுக்கோ பல்லிக்கோ இரையானால், அதனுள் இருக்கும் ஒட்டுண்ணியும் அழிகிறது. மனிதரோ ஒட்டுண்ணியோ அறியாத ஒரு தட்டான் இருவரின் ஊழையும் மாற்றிவிடுகிறது.

ஒட்டுண்ணிக்கும் ஓர் எல்லை உண்டு. ஓம்புயிரியை விரைவில் கொன்றுவிட்டால், வேறோர் உடலுக்குச் செல்லுமுன் அதுவும் மடியும். எனவே, ஓம்புயிரி நலமாக இருப்பதிலும் ஒட்டுண்ணிக்கு நன்மை உண்டு. கொல்வதும் வாழவிடுவதுமாகிய இவ்விரண்டின் நடுவிலேதான் அதன் வாழ்வு நிற்கிறது.

கணக்கு காட்டிய வழி

1899ஆம் ஆண்டில் இந்தியப் பணியிலிருந்து விலகிய ராஸ், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன், சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா, மொரீசியசுத் தீவு முதலிய இடங்களுக்குச் சென்று கொசு ஒழிப்புக்கு வழிகாட்டினார். இஸ்மாயிலியாவில் தேங்கிய நீர் அகற்றப்பட்டதும் மலேரியா வெகுவாகக் குறைந்தது. ஆனால் இலாகூரை அடுத்த மியான்மீர் என்னும் படைமுகாமில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி பயன்தரவில்லை. எல்லாக் கொசுக்களையும் ஒழிப்பது இயலாது. எனவே இம்முயற்சியே வீண் என்று பலர் வாதிட்டனர்.

இளமையில் விரும்பிக் கற்ற கணிதத்தால் ராஸ் அதற்கு விடை கண்டார். அவர் கருத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு சிற்றூரில் நோயாளி ஒருவர் இருக்கிறார். அவரைக் கடித்த கொசுக்களில் பல, ஒட்டுண்ணி வளர்வதற்குள் மடிந்துவிடும். எஞ்சியவற்றுள் சில மட்டுமே நலமான மனிதரைக் கடிக்கும். அந்நோயாளி குணமடைவதற்குள் அவரிடமிருந்து இருவருக்கு நோய் சென்றால், இருவர் நால்வராவர், நால்வர் எண்மராவர். நோய் பெருகும். கொசுக்கள் குறைந்து, ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகவே நோய் சென்றால், நூறு நோயாளிகள் ஐம்பதாவர், ஐம்பது இருபத்தைந்தாகும். கொசு முற்றும் அழியாவிட்டாலும் நோய் தானே தேய்ந்து மறையும். கொசுக்களை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தால் போதும் என்பதே ராஸ் கண்ட உண்மை. மொரீசியசுத் தீவைப் பற்றி 1908ஆம் ஆண்டில் அவர் அளித்த அறிக்கையிலும், பின்னர் எழுதிய மலேரியாத் தடுப்பு நூலிலும் இக்கணக்கு இடம்பெற்றது.

ராஸின் சமன்பாடுகளை ஆராய்ந்தவர்களுள் ஆல்பிரட் லோட்கா என்னும் கணித அறிஞர் ஒருவர். கொன்றுண்ணியும் இரையும் ஒன்றையொன்று தொடர்ந்து ஏறியிறங்குவதை அவர் 1925ஆம் ஆண்டில் கணக்கால் விளக்கினார். இரை பெருகினால் கொன்றுண்ணி பெருகும். கொன்றுண்ணி பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் கொன்றுண்ணியும் பசியால் குறையும். மீண்டும் இரை தலையெடுக்கும். இத்தாலியக் கணித அறிஞர் வோல்டெராவும் 1926ஆம் ஆண்டில் தனியே இதே முடிவை அடைந்தார். முதல் உலகப்போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடித்தல் குறைந்திருந்தது. அக்காலத்தில் பிற மீன்களை உண்ணும் பெருமீன்களின் பங்கு மிகுந்திருந்ததற்குக் காரணம் தேடியபோதே அவர் இதனைக் கண்டார். இருவகை மீன்களையும் ஒருங்கே பிடித்தால் இழப்பு கொன்றுண்ணிக்கே மிகுதி; பிடிப்பதை நிறுத்தினால் ஆக்கமும் கொன்றுண்ணிக்கே மிகுதி.

அன்றும் இன்றும்

ராஸ் 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் காலமானார். அவர் காட்டிய வழியின் நன்மையையும், அதைப் பாதியில் விட்டதன் தீமையையும் இந்தியா பின்னர் கண்டது. நாடு விடுதலை பெற்றபோது ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்பது மதிப்பீடு. 1953ஆம் ஆண்டில் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, வீடுகளில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. 1960களில் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தை ஒட்டிய அளவுக்குச் சுருங்கியது. கண்காணிப்பு தளர்ந்தது. மருந்துக்கு அஞ்சாத கொசுக்களும் தோன்றின. 1976ஆம் ஆண்டில் நோயாளிகள் 64 இலட்சத்தைத் தாண்டினர்.

நஞ்சு தெளிக்கும்போது கொசு மட்டும் மடிவதில்லை. நீர்நிலையில் அதைத் தெளித்தால் கொசுப்புழுவை உண்ணும் உயிர்களும் மடிகின்றன. கொசு விரைவில் பெருகும். அதை உண்ணும் மீனும் தட்டானும் அவ்வளவு விரைவில் பெருகா. காவலர் மாண்டபின் கள்வர் மீள்வது போலக் கொசு மீள்கிறது. கொசுப்புழுவை உண்பதற்காக அயல்நாட்டு மீனான கம்பூசியா 1928ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அம்மீனோ கொசுப்புழுவோடு நில்லாமல், நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டது. ராஸ் தீவு மான்கள் கற்பிப்பதையே இந்த மீனும் கற்பிக்கிறது. ஓர் உயிரை இடம்பெயர்க்குமுன் அது எதை உண்ணும், அதனை எது உண்ணும் என்னும் இரு வினாக்களையும் எழுப்பியாக வேண்டும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மலேரியாவைப் பரப்புவது சுண்டைக்கஸ் என்னும் அனோபிலிஸ் வகை. நல்ல நீரைவிட உவர்நீரையே அது பெரிதும் நாடும். கடல்நீரும் மழைநீரும் கலந்து தேங்கும் இடங்களே அதன் தொட்டில்கள். கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவர் அந்தமான் மலேரியாவை ஆராய்ந்து 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உவர்நீர்ச் சதுப்புகளில் பிறக்கும் கொசுவே இங்கு நோய்க்குக் காரணம் என்று காட்டியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் தாழ்ந்த வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கியபோது, அக்கொசுவுக்குப் புதிய தொட்டில்கள் கிடைத்தன. ஆனால் அலை நாள்தோறும் வந்து திரும்பும் அலையாத்திக் காட்டில் நீர் தேங்குவதில்லை. அலையோடு வரும் சிறு மீன்கள் புழுக்களை உண்டு செல்கின்றன. மண்ணைக் கொட்டி வழியை அடைத்தால் அலையும் நின்றுபோகும், மீனும் வாராது, கொசுவே எஞ்சும்.

பெங்களூரில் ஒரு தொட்டியைக் கவிழ்த்தபோது ராஸுக்குத் தெரிந்தது சங்கிலியின் ஒரு முனை. செகந்தராபாத்திலும் கல்கத்தாவிலும் அவர் கண்டது அதன் நடுக்கண்ணி. முழுச் சங்கிலியையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணியை அறிந்து தளர்த்தினால் போதும் என்பதே அவர் வாழ்நாள் உழைப்பின் பயன். தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய வாளியிலும், வீட்டுப் பின்புறத்துப் பள்ளத்திலும் தேங்கும் நீர் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கொசுவின் கண்ணி இன்றும் கிடக்கிறது.

சொல்லும் பொருளும்

நியதி – ஒழுங்கு
ஓம்புதல் – பேணுதல்
நலிவு – தளர்ச்சி
கூத்தாடிப் புழு – நீரில் நெளியும் கொசுவின் இளம்புழு
உவர்நீர் – உப்புக் கலந்த நீர்
அலையாத்திக் காடு – கடலோரச் சேற்றில் வளரும் காடு
ஆழிப்பேரலை – சுனாமி
ஊழ் – விதி
பூசல் – சச்சரவு

பிரித்து எழுதுக

1. ஓம்புயிரி
2. சிற்றூர்
3. நுண்ணுயிர்
4. பெருநிலம்

குறுவினா

1. கொன்றுண்ணிக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மலேரியா என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
3. ராஸின் இரண்டாண்டு முயற்சி பயன்தராமைக்குக் காரணம் என்ன?
4. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் ராஸ் கண்டது யாது?

நெடுவினா

1. கொசு மூன்று நிலைகளில் வாழ்வதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. எல்லாக் கொசுக்களையும் ஒழிக்காமலே மலேரியாவை ஒழிக்கலாம் என்பதை ராஸின் கணக்கு எவ்வாறு காட்டுகிறது?

செயல்பாடு

உன் வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களைப் பெரியவர் ஒருவருடன் சென்று பார். புழுக்கள் உள்ளனவா என்று உற்று நோக்கு. தலைகீழாகத் தொங்கினால் அவை பிறவகைக் கொசுவின் புழுக்கள். நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தவாறு மிதந்தால் அனோபிலிஸ் புழுக்கள். கண்டதை ஐந்து தொடர்களில் எழுது. எழுதியபின், நீரைக் கவிழ்த்துவிட மறவாதே.